வெர்னர் வான் சீமென்ஸ்

எர்ன்ஸ்ட் வெர்னர் வான் சீமென்ஸ் (டிசம்பர் 13, 1816 – டிசம்பர் 6, 1892) ஜெர்மனியைச் சேர்ந்த மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். சீமென்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். டைனமோவின் அடிப்படைத் தத்துவத்தைக் கண்டறிந்தவர் என்றும் மின்சாரத் தொடருந்தை முதலில் ஓட்டிக் காட்டியவர் என்றும் பரவலாக அறியப்படுகிறார். எனினும் இவரது தொழில் வாழ்க்கையின் அடித்தளம் வேறொன்றில் அமைந்தது. மண்ணிலும் நீரிலும் செல்லும் செப்புக் கம்பியின் மீது ஈரம் புகாத, தையல் இல்லாத காப்புறையை ஏற்றும் முறையை உருவாக்கியதே அது. அவருடைய முதல் பெரும் வெற்றியும் முதல் பெரும் தோல்வியும் இந்தக் காப்புறையிலிருந்தே வந்தன.

இளமைக் காலம்

வெர்னர் சீமென்ஸ் ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள லெந்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை கிறிஸ்டியன் பெர்டினாண்ட் சீமென்ஸ் குத்தகை நிலத்தில் பயிரிட்டு வந்தவர். தாயார் எலியனோர். பதினான்கு குழந்தைகளில் வெர்னர் நான்காமவர். 1832 முதல் லூபெக் நகரில் படித்த இவர், பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே 1834இல் வெளியேறினார். பொறியியல் படிக்க விரும்பிய இவரைப் பெர்லினில் படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதி இல்லை. எனவே புருசியப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். படைவீரர்களுக்கான பீரங்கி மற்றும் பொறியியல் பள்ளியில் 1835 முதல் 1838 வரை கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றை ஊதியத்துடன் கற்றார். பணமில்லாத இளைஞன் ஒருவனுக்கு அக்காலப் புருசியாவில் கிடைத்த மிகச் சிறந்த அறிவியல் கல்வி இதுவே எனலாம்.

1839இல் தாயும் 1840இல் தந்தையும் இறந்தனர். தம்பி தங்கையரின் பொறுப்பு வெர்னர் மீது விழுந்தது. படை அதிகாரியின் ஊதியம் அதற்குப் போதவில்லை. கண்டுபிடிப்புகளால் பணம் ஈட்ட முடியுமா என்று இவர் தேடத் தொடங்கியது இந்த நெருக்கடியினால்தான்.

இக்காலத்தில் சக அதிகாரி ஒருவரின் துவந்த யுத்தத்தில் துணைவராக நின்ற குற்றத்திற்காக இவருக்கு ஐந்தாண்டுக் கோட்டைச் சிறை விதிக்கப்பட்டது. மாக்டபர்க் கோட்டையின் சிறை அறையிலேயே வேதிப்பொருட்களை வரவழைத்து, மின்பகுப்பு மூலம் உலோகங்களுக்குத் தங்க முலாம் பூசும் சோதனைகளைச் செய்து வெற்றி கண்டார். விரைவிலேயே அரசர் மன்னிப்பு வழங்கினார். சோதனை பாதியில் நிற்பதால் இன்னும் சில நாட்கள் சிறையில் இருக்க அனுமதி கேட்டதாகவும், அரச மன்னிப்பை மதிக்காத செயலாக அதைக் கருதிய அதிகாரிகள் தம்மை நள்ளிரவில் வெளியேற்றியதாகவும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். இந்த முறைக்கு 1842இல் புருசியக் காப்புரிமை கிடைத்தது. தம்பி வில்ஹெல்ம் 1843இல் இங்கிலாந்து சென்று அங்குள்ள எல்கிங்டன் நிறுவனத்திற்கு அதை விற்றார். வில்ஹெல்ம் பின்னர் இங்கிலாந்திலேயே குடியேறி வில்லியம் சீமென்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றார்.

தந்தியும் காப்புறைச் சிக்கலும்

1840களில் மின்தந்தி புதிய தொழில்நுட்பமாக வளர்ந்து வந்தது. வீட்ஸ்டனின் முள் தந்திக் கருவியை மேம்படுத்தி, எழுத்துகளைச் சுட்டும் புதிய கருவி ஒன்றைச் சீமென்ஸ் வடிவமைத்தார். பெர்லினில் கருவிகள் செய்துவந்த ஜொஹான் ஜியார்க் ஹால்ஸ்க அதைச் செய்து தந்தார். ஆனால் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், இடையிலுள்ள கம்பியில் மின்னோட்டம் கசிந்தால் பயனில்லை.

கம்பங்களில் கட்டிய கம்பிகளை எவரும் அறுத்துவிடலாம் என்று புருசியப் படைத்துறை அஞ்சியது. எனவே கம்பிகளை மண்ணுக்குள் புதைக்க விரும்பியது. ஈர மண் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கம்பி முழுவதையும், அதன் இணைப்புகள் உட்பட, நீர் புகாதபடி மூட வேண்டும். அதுவரை பலரும் பலவாறு முயன்றிருந்தனர். ரஷ்யாவில் யாக்கோபி கம்பியைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் செலுத்தி, குழாய்கள் கூடும் இடங்களை ரப்பரால் அடைத்தார். அமெரிக்காவில் மோர்ஸ், வாஷிங்டன் – பால்டிமோர் தடத்திற்காக ஈயக் குழாய்க்குள் கம்பிகளை இட்டுப் புதைக்கத் தொடங்கி, காப்பு தோற்றதால் கம்பங்களுக்கு மாறி 1844இல் தடத்தை முடித்தார். பருத்தி நூல், தார், பிசின் எல்லாம் சோதிக்கப்பட்டன. எல்லாவற்றிலும் எங்கோ ஒரு மூட்டு அல்லது வெடிப்பு வழியே ஈரம் நுழைந்தது.

தீர்வு மலாய் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. அங்கு வளரும் ஒருவகை மரத்தின் பாலை உறையவைத்துக் கிடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா. மலாய் மக்கள் இதை வெந்நீரில் இளக்கிக் கத்திப் பிடிகள் போன்றவற்றைச் செய்துவந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி இதன் மாதிரிகளை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். ரப்பரைப் போல இது இழுபடாது, ஒட்டாது. வெந்நீரில் மெழுகு போல் இளகும். ஆறினால் தோல் போல் உறுதியாகும். நீரை ஏற்காது. இலண்டனிலிருந்து வில்ஹெல்ம் 1846இல் அனுப்பிய மாதிரியைச் சோதித்த வெர்னர், இது சிறந்த மின்காப்புப் பொருள் என்பதைக் கண்டார்.

பொருள் கிடைத்தும் அதைக் கம்பி மீது ஏற்றுவது எளிதாக இல்லை. முதலில் சூடான இரு தகடுகளுக்கு நடுவே கம்பியை வைத்து, வரிப்பள்ளம் உள்ள உருளைகளால் அழுத்தினார்கள். பார்வைக்கு நன்றாக ஒட்டியிருந்த இரு விளிம்புகளும் நாளடைவில் பிரிந்து, கம்பியின் நீளம் முழுவதும் ஒரு வெடிப்பு ஓடியது. ஆகவே தையலே இல்லாத உறை வேண்டும் என்ற முடிவுக்குச் சீமென்ஸ் வந்தார்.

1847இல் சீமென்ஸும் ஹால்ஸ்கவும் ஓர் அழுத்தியை உருவாக்கினர். இளகிய கட்டாபெர்ச்சாவைச் சூடான உருளைக்குள் இட்டு உந்துதண்டால் அழுத்துவர். செப்புக் கம்பி உருளையின் துளை வழியே செல்லும்போது, இளகிய பொருள் அதைச் சூழ்ந்தபடியே கம்பியுடன் வெளியே வரும். இடியாப்ப உழக்கில் மாவு வெளிவரும் விதம்தான், நடுவில் ஒரு கம்பி இருப்பது மட்டுமே வேறுபாடு. ஒரே சமயத்தில் பல கம்பிகளுக்கு உறையிட முடிந்தது. உறையில் மூட்டோ தையலோ கிடையாது.

உறையிட்ட கம்பியைச் சோதிக்கும் முறையையும் சீமென்ஸ் வகுத்தார். தூண்டுசுருளின் ஒரு முனையைக் கம்பியுடன் இணைத்து, கம்பியை நீர்த்தொட்டி வழியே இழுப்பர். உறையில் ஊசித்துளை அளவு குறை இருந்தாலும் அது நீரைத் தொட்டவுடன் மின்சாரம் நீருக்குள் பாயும். நீரில் விரல் வைத்திருக்கும் தொழிலாளி அதிர்ச்சியை உணர்ந்து அவ்விடத்தைக் குறிப்பார். நவீன வடத் தொழிற்சாலைகளிலும் உறையிட்ட கம்பியை உயர் மின்னழுத்தத்தின் ஊடே செலுத்திக் குறைகளைக் கண்டுபிடிக்கின்றனர். விரலுக்குப் பதில் கருவி வந்துவிட்டது.

1847 அக்டோபரில் சீமென்ஸ் – ஹால்ஸ்க நிறுவனம் பெர்லினில் தொடங்கப்பட்டது. உறவினரான ஜொஹான் ஜியார்க் சீமென்ஸ் 6,842 தாலர் முதல் தந்தார். தொடக்கத்தில் பத்துத் தொழிலாளர்கள் வேலை செய்தனர். சீமென்ஸ் அப்போதும் படை அதிகாரியாகவே இருந்தார்.

1848இல் டென்மார்க்குடன் போர் மூண்டபோது, கீல் துறைமுகத்தைக் காக்க நீரடிக் கண்ணிவெடிகளை அமைத்தார். நீருக்கடியில் இருந்த வெடிமருந்துக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொண்டு சென்றவை கட்டாபெர்ச்சா உறையிட்ட கம்பிகளே. டேனியக் கப்பல்கள் நெருங்காததால் அவற்றைப் பகைவர் மீது வெடிக்கும் தேவை எழவில்லை.

பெர்லின் – பிராங்க்பர்ட் தந்தித் தடம்

1848 புரட்சியை அடுத்து பிராங்க்பர்ட்டில் ஜெர்மானியத் தேசிய மன்றம் கூடியிருந்தது. அங்கு நடப்பதை உடனுக்குடன் அறியப் பெர்லின் அரசு விரும்பியது. சுமார் 500 கிலோமீட்டர் தந்தித் தடத்தை அமைக்கும் பொறுப்பு சீமென்ஸுக்குக் கிடைத்தது. அரசியல் நிலைமை காரணமாக வேலை மிக விரைவாக முடிக்கப்பட வேண்டியிருந்தது. பெர்லினிலிருந்து ஐசனாக் வரை கம்பி மண்ணில் புதைக்கப்பட்டது. அங்கிருந்து பிராங்க்பர்ட் வரை கம்பங்களில் சென்றது.

கம்பங்களில் சென்ற பகுதியில் மணி வடிவிலான பீங்கான் காப்பிகளைச் சீமென்ஸ் பயன்படுத்தினார். மழை பெய்தாலும் மணியின் உட்பக்கம் உலர்ந்தே இருப்பதால் மின்சாரம் கம்பம் வழியே கசியாது. ஆயினும் அங்கு எதிர்பாராத தொல்லை ஒன்று வந்தது. காற்று வீசும் நாட்களில் தடத்தின் மின்தடை நொடிக்கு நொடி மாறி, கருவிகள் நின்றுபோயின. செப்புக் கம்பிகளின் முனைகளை முறுக்கி மட்டுமே இணைத்திருந்தனர். காற்றில் கம்பி ஆடும்போது அந்த முறுக்குகள் தளர்ந்தும் இறுகியும் இருந்தன. எல்லா இணைப்புகளையும் ஈயப் பற்று வைத்த பின்னரே தொல்லை நீங்கியது. முறுக்கிய இணைப்பு எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் பற்று வைக்காமல் நம்பக்கூடாது என்ற பாடம் தந்தித் துறைக்கு இவ்வாறுதான் கிடைத்தது.

1849 மார்ச் 28 அன்று பிராங்க்பர்ட் மன்றம் புருசிய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியத்தை ஜெர்மானியப் பேரரசராகத் தேர்ந்தெடுத்தது. அச்செய்தி ஒரு மணி நேரத்திற்குள் பெர்லினை அடைந்தது. மன்னர் முடியை ஏற்க மறுத்தார் என்பது வேறு கதை. தந்தித் தடத்தின் புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. அதே ஆண்டில் சீமென்ஸ் படைப்பணியிலிருந்து விலகித் தொழிலில் முழுமையாக இறங்கினார்.

நிலத்தடிக் கம்பிகளின் தோல்வி

வெற்றி நீடிக்கவில்லை. புதைத்த கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடைந்தன. காரணங்கள் பல.

செலவைக் குறைக்க அரசு நிர்வாகம் கம்பிகளை ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்தில் மட்டுமே புதைக்கச் செய்தது. உறைக்கு மேல் ஈயமோ இரும்போ கொண்ட கவசம் இல்லை. எனவே மண்வெட்டிகள் உறையைக் கிழித்தன. எலிகள் அதைக் கொறித்தன. இவற்றைக் காட்டிலும் நுட்பமான ஒரு காரணமும் இருந்தது. கட்டாபெர்ச்சாவை உறுதியாக்குவதற்காக அதில் கந்தகம் சேர்த்திருந்தனர். ரப்பருக்கு நன்மை செய்த கந்தகம் இங்கு செப்புடன் வினைபுரிந்து செப்பு சல்பைடாக மாறியது. கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த உட்புறப் படலத்தில் இது ஊறி, காக்க வேண்டிய பொருளையே கடத்தியாக்கியது. தொழிற்சாலையில் எல்லாச் சோதனைகளிலும் தேறிய கம்பி, மண்ணுக்குள் சில மாதங்களில் உள்ளிருந்தே கெட்டது. வெளியிலிருந்து பார்த்தால் உறையில் குறை எதுவும் தெரியாது.

பழியைத் தந்தி நிர்வாகம் சீமென்ஸ் மீது போட்டது. 1851இல் புருசிய நிலத்தடித் தடங்களின் அனுபவங்களை விவரிக்கும் சிறு நூல் ஒன்றைச் சீமென்ஸ் வெளியிட்டார். அதில் முறை தவறானதல்ல, அவசரமும் சிக்கனமும் கவசம் இன்மையுமே தோல்விக்குக் காரணம் என்று விளக்கினார். நூல் நிர்வாகத்தைச் சினங்கொள்ளச் செய்தது. அரசு தன் ஆணைகளை நிறுத்திக்கொண்டது. நான்கு வயதே ஆன நிறுவனம் தன் முதன்மை வாடிக்கையாளரை இழந்தது. புருசியாவில் கம்பிகள் மீண்டும் கம்பங்களுக்கு ஏறின.

சீமென்ஸின் வாதம் பெரும்பாலும் சரியானது என்பதைப் பிற்காலம் காட்டியது. எனினும் கந்தகம் கலந்த உறையை முன்னரே நீண்ட நாள் சோதிக்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புதைத்ததில் அவருக்கும் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் தோல்வியிலிருந்து இரு பயன்கள் விளைந்தன. பழுது எங்கே உள்ளது என்று அறிய முழுத் தடத்தையும் தோண்ட இயலாது. இரு முனைகளிலும் மின்னோட்டத்தை அளந்து, பழுதின் தொலைவைக் கணக்கிடும் முறையைச் சீமென்ஸ் வகுத்தார். மற்றொன்று, புதைத்த கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் மின்னோட்டம் திரும்பி வருவதை அவர் கவனித்தார். உள்ளே செப்பு, நடுவே காப்புறை, வெளியே ஈர மண் ஆகிய மூன்றும் சேர்ந்து நீண்டதொரு லெய்டன் குடுவையாக, அதாவது மின்தேக்கியாக, செயல்படுகின்றன என்று விளக்கினார். இதை 1850இல் பாரிசு அறிவியல் கழகத்திற்குத் தெரிவித்தார். கடலடி வடங்களில் செய்திகள் மெதுவாகச் செல்வதற்கும் இதுவே காரணம்.

ரஷ்யாவும் கடலடி வடங்களும்

புருசிய ஆணைகள் நின்றதால் நிறுவனம் வெளிநாடுகளை நாடியது. 1853 முதல் ரஷ்யாவில் பெரும் தந்தி வலையமைப்பை அமைத்தது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் – கிரான்ஸ்டாட் கடலடி வடமும் அதில் அடங்கும். ரஷ்யப் பணிகளைத் தம்பி கார்ல் கவனித்தார். கிரிமியப் போர்க் காலத்தில் இத்தடங்கள் ரஷ்ய அரசுக்கு இன்றியமையாதனவாக இருந்தன.

கட்டாபெர்ச்சாவின் உண்மையான களம் கடல்தான். காற்றும் ஒளியும் படும் இடத்தில் இது உலர்ந்து நொறுங்கும். குளிர்ந்த இருண்ட கடலடியில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். 1850இல் டோவர் – கலே இடையே இடப்பட்ட கவசமற்ற வடம் ஒரே நாளில் அறுந்தது. மறுஆண்டு இரும்புக் கம்பிக் கவசத்துடன் இடப்பட்ட வடம் நிலைத்தது. கவசம் பற்றிச் சீமென்ஸ் கூறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1857இல் சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவின் போன் நகருக்கும் இடையே ஆழ்கடலில் வடம் இடும்போது, வடம் தன் எடையாலேயே கடலுக்குள் ஓடிவிடாதபடி தடுக்கும் முறையைக் கப்பலிலேயே கணக்கிட்டு அமைத்துத் தந்தார். 1859இல் சூயெசு – ஏடன் செங்கடல் வடத்தின் மின் சோதனைகளை மேற்கொண்டார். அப்பயணத்தின்போது எகிப்தில் கியோப்ஸ் பிரமிடின் உச்சியில் ஏறினார். பாலைவனப் புழுதிக் காற்றில் விரல்களில் சிறு பொறிகள் தோன்றுவதைக் கண்டு, ஈரத் தாள் சுற்றிய மது புட்டியை லெய்டன் குடுவையாக்கி மின்சாரத்தைச் சேகரித்தார். தம்மை நெருங்கிய வழிகாட்டி ஒருவருக்கு அப்புட்டியால் அதிர்ச்சி கொடுத்ததையும் பதிவு செய்துள்ளார். திரும்பும் வழியில் அவர் சென்ற ஆல்மா என்ற கப்பல் செங்கடலில் பாறையில் மோதியது. பயணிகள் சில நாட்கள் வெறும் பாறைத் தீவில் தவிக்க நேர்ந்தது.

செங்கடல் வடமும் அதன் நீட்சியாகக் கராச்சி வரை சென்ற வடமும் விரைவில் செயலிழந்தன. 1858இன் அட்லாண்டிக் வடமும் சில வாரங்களே பேசியிருந்தது. இத்தொடர் இழப்புகளுக்குப் பின், காப்பின் தரத்தை ஊகத்தால் அன்றி எண்ணால் சொல்ல வேண்டும் என்பதில் வெர்னரும் வில்ஹெல்மும் உறுதியாக நின்றனர். வடத்தின் ஒவ்வொரு துண்டையும் நீரில் ஊறவைத்து, குறித்த வெப்பநிலையில், உறையின் மின்தடையை அளக்கும் முறையை 1860இல் விளக்கினர். அளப்பதற்கு அலகு வேண்டுமே! 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட 0 பாகை பாதரசத் தம்பத்தின் தடையை அலகாகக் கொள்ளலாம் என்று வெர்னர் அதே ஆண்டில் முன்மொழிந்தார். ஓம் அலகு நிலைபெறும் வரை இது பல நாடுகளில் வழங்கியது.

இரங்கூன் – சிங்கப்பூர் தடத்திற்காகச் செய்யப்பட்ட வடம் ஒன்று கப்பலின் அடித்தளத்தில் ஈரத்துடன் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கவச இரும்பு துருப்பிடிப்பதால் எழும் வெப்பம் உள்ளுக்குள் சேர்ந்தது. சுருளுக்குள் வைத்திருந்த கம்பியின் மின்தடை மாற்றத்தைக் கொண்டு வில்ஹெல்ம் இவ்வெப்பத்தை அறிந்தார். இன்னும் சற்றே விட்டிருந்தால் கட்டாபெர்ச்சா இளகி, வடம் முழுவதும் வீணாகியிருக்கும். நீரூற்றிக் குளிர்வித்துக் காப்பாற்றினர். மின்தடை வெப்பமானி பிறந்தது இந்நிகழ்விலிருந்துதான்.

1864இல் ஸ்பெயினின் கார்ட்டகேனா – ஆல்ஜீரியாவின் ஓரான் வடத்தைச் சகோதரர்கள் தம் சொந்தப் பொறுப்பில் இட்டனர். வடம் மீண்டும் மீண்டும் அறுந்து பெரும் நட்டம் உண்டாயிற்று. கடலடி வடங்களின் இடரை விரும்பாத ஹால்ஸ்க இங்கிலாந்துக் கிளையிலிருந்து விலக விரும்பினார். 1865இல் அக்கிளை சீமென்ஸ் சகோதரர்கள் என்ற தனி நிறுவனமாயிற்று. 1867 இறுதியில் ஹால்ஸ்க கூட்டிலிருந்தே விலகினார். நட்பு மட்டும் தொடர்ந்தது.

இந்திய – ஐரோப்பியத் தந்தித் தடம்

1870 ஏப்ரல் 12 அன்று இலண்டனையும் கல்கத்தாவையும் இணைக்கும் சுமார் 11,000 கிலோமீட்டர் தடத்தில் நேரடிச் செய்தி அனுப்பிக் காட்டப்பட்டது. செய்தி செல்ல அரைமணி நேரத்திற்கும் குறைவாகவே ஆனது. தெகரான் வரையான பகுதியைச் சீமென்ஸ் நிறுவனங்கள் உருவாக்கின. அதற்கு அப்பால் ஏற்கெனவே இருந்த தடங்களும் பாரசீக வளைகுடா வடமும் பயன்பட்டன. கருங்கடலில் இட்ட வடம் அதே ஆண்டில் நிலநடுக்கத்தால் அறுந்ததால், கரையோரமாகக் கம்பங்கள் நடப்பட்டன. இத்தடம் 1931 வரை இயங்கியது. 1874இல் வடம் இடுவதற்கென்றே கட்டப்பட்ட தம் கப்பலுக்குச் சகோதரர்கள் ஃபாரடே என்று பெயரிட்டனர்.

டைனமோவும் பிற பணிகளும்

1866இல் நிலைக்காந்தம் இல்லாமலே மின்னாக்கியை இயக்கும் டைனமோ தத்துவத்தைச் சீமென்ஸ் கண்டறிந்தார். 1867 ஜனவரியில் இது பெர்லின் அறிவியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் வார்லியும் ஏறக்குறைய அதே காலத்தில் தனித்தனியே இம்முடிவுக்கு வந்திருந்தனர். 1879இல் பெர்லின் கண்காட்சியில் மின்சாரத் தொடருந்தும், 1880இல் மான்ஹைமில் மின் தூக்கியும், 1881இல் லிச்டர்பெல்டில் மின் டிராமும் இயக்கப்பட்டன. 1872இல் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதியம் ஏற்படுத்தினார். 1887இல் அமைந்த அரசு இயற்பியல் – தொழில்நுட்ப நிறுவனத்திற்கு நிலம் வழங்கினார். 1888இல் இவருக்கு உயர்குடிப் பட்டம் அளிக்கப்பட்டது. வான் என்ற அடைமொழி அதன் பிறகே பெயருடன் சேர்ந்தது.

1876இல் ஜெர்மன் அஞ்சல் துறைத் தலைவர் ஹைன்ரிக் ஸ்டீபன் தந்திக் கம்பிகளை மீண்டும் மண்ணுக்குள் கொண்டு சென்றார். பெர்லின் – ஹாலே தடத்தில் தொடங்கி 1881க்குள் பெருநகரங்கள் இணைக்கப்பட்டன. உறை கட்டாபெர்ச்சா, அதன் மேல் இரும்புக் கம்பிக் கவசம். 1851இல் சீமென்ஸ் எழுதியதற்கு ஏறத்தாழ இதே பொருள்தான்.

குடும்பமும் இறுதிக் காலமும்

1852இல் மத்தில்டே ட்ரூமன் என்பவரை மணந்தார். அவர் 1865இல் காலமானார். 1869இல் அந்தோனி சீமென்ஸை மணந்தார். இரு திருமணங்களிலும் ஆறு பிள்ளைகள் பிறந்தனர். 1890இல் நிறுவனப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்று, நினைவுக் குறிப்புகளை எழுதி முடித்தார். அந்நூல் வெளியான 1892இலேயே, டிசம்பர் 6 அன்று, பெர்லினுக்கு அருகிலுள்ள சார்லட்டன்பர்க்கில் காலமானார்.

மின்கடத்துமையின் அனைத்துலக அலகுக்கு 1971இல் சீமென்ஸ் என்ற பெயர் ஏற்கப்பட்டது. வாழ்நாளில் பாதியை மின்சாரம் கடத்தாத பொருட்களைத் தேடுவதில் செலவிட்டவருக்குக் கிடைத்த விந்தையான பெருமை இது.

கட்டாபெர்ச்சாவின் பிற்காலம்

கடலடி வடங்களின் தேவை பெருகியபோது கட்டாபெர்ச்சா மரங்கள் பேரளவில் வெட்டப்பட்டன. ரப்பர் மரத்தைப் போல் கீறிப் பால் வடிக்காமல், மரத்தையே சாய்த்துப் பால் எடுத்தனர். ஒரு மரத்திலிருந்து கிடைத்தது மிகச் சிறிய அளவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மலாய்த் தீபகற்பத்தின் பல பகுதிகளில் இம்மரம் அரிதாகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஎத்திலீன் இதன் இடத்தைப் பிடித்தது. பொருள் மாறினாலும், இளகிய பொருளை அச்சின் வழியே அழுத்திக் கம்பி மீது தையலின்றி ஏற்றும் முறை மாறவில்லை. வீட்டுச் சுவருக்குள் செல்லும் பிவிசி உறையிட்ட கம்பியும் அவ்வாறே செய்யப்படுகிறது.